ஒழுங்கையில் இருமல் கூடுகிறதா? கொப்பியில் பிடிக்கலாம்

கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையில் 22 வீடுகள். கொரோனா பரவுகிறதா என்று பார்க்க, சதுரக் கொப்பியில் வீட்டுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். பெயர் எழுதுவதில்லை; ஊர் வாய் பொல்லாதது. காய்ச்சலும் இருமலும் என்றால் ஒரு புள்ளி. பரிசோதித்த நாளில் வைக்காதீர்கள், இருமல் தொடங்கிய நாளைக் கேளுங்கள். "தேர் பார்த்து வந்த மறுநாள் பிள்ளைக்கு இருமல்" என்பார் பக்கத்து வீட்டு மாமி. சரி, புள்ளி அங்கேதான். அப்போதுதான் யாருக்குப் பிறகு யாருக்கு என்ற வரிசை தெரியும்.

கிழமைக்கொருக்கால் புதுப் புள்ளிகளை மட்டும் கூட்டுங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து ஏறினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லிவிடுங்கள்.

கொரோனாவின் எந்தத் திரிபு, அதாவது உருமாறிய எந்த வகை என்று கொப்பி சொல்லாது, வீட்டு அன்டிஜன் பரிசோதனையும் சொல்லாது. மாதிரியில் உள்ள வைரசின் மரபணுவை ஆய்வுகூடத்தில் வரிசைப்படுத்த வேண்டும். 2021 நவம்பரில் தென்னாபிரிக்காவில் ஒமிக்ரோன் திரிபுக்குக் கிடைத்த ஆரம்பத் துப்பு, வைரசின் சில மரபணுக்களைத் தேடும் பி.சி.ஆர் பரிசோதனையில் எஸ் மரபணு மட்டும் சிக்காமல் போனது.