ஓர் அருட்சகோதரியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி

ஓர் அருட்சகோதரி பொன்விழாக் காணும்போதோ, அவர் இறந்து சில காலம் கழிந்த பின்னரோ, அவரைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட வேண்டும் என்று அவருடைய சபையாரும் உறவினரும் பழைய மாணவியரும் விரும்புவது வழக்கம். அந்தப் பொறுப்பை ஏற்பவரின் கைக்கு முதலில் வந்து சேர்பவை பெரும்பாலும் பாராட்டுச் சொற்களே: செபத்தில் நிலைத்தவர், தாழ்ச்சி மிக்கவர், ஏழைகளின் தாய், இன்முகம் மாறாதவர். இவை அனைத்தும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேறு எந்தச் சகோதரியின் பெயருக்கு அருகில் வைத்தாலும் இவை பொருந்திவிடும் என்பதால், இவற்றைக் கொண்டு எழுதப்படும் நூலில் அந்த ஒரு பெண்ணைக் காண முடியாது. அவர் எந்த வேலையைச் செய்தார், யாருடைய முடிவின்படி செய்தார், எந்த இடத்தில் தாமே முடிவெடுத்தார் என்பவற்றைத் தேடிச் சேர்ப்பதே எழுதுபவரின் உண்மையான பணி. அதற்கான வழிமுறைகளை இங்கே கூறுகிறேன்.

முதலில் தேட வேண்டியது அவரைப் பற்றி அன்று, அவருடைய சபையைப் பற்றி. கத்தோலிக்கத் திருச்சபையில் துறவறப் பெண்கள் அனைவரும் ஒரே வகையான வாழ்வை வாழ்வதில்லை. கார்மேல் மடம், கிளாரா மடம் போன்ற அடைபட்ட மடங்களில் வாழ்வோர் பொதுவாகத் தாம் சேர்ந்த மடத்திலேயே இறுதி வரை தங்கிச் செபத்தையே தம் பணியாகக் கொள்கின்றனர். பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் எனப் பணியாற்றும் சபையினரோ ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டுக்கொண்டே இருப்பர். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1298இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் துறவறப் பெண்கள் அனைவரும் மடத்துக்குள் அடைபட்டே வாழ வேண்டும் என்று ஆணையிட்டார். தெருவில் இறங்கிப் பணிசெய்ய விரும்பிய பெண்கள் அதன் பின் பல நூற்றாண்டுகள் அந்த ஆணையோடு போராட வேண்டியிருந்தது. மேரி வார்டு என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1609இல் தொடங்கிய சபை, அடைப்பு வாழ்வை ஏற்க மறுத்த நிலையில் 1631இல் கலைக்கப்பட்டது. வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரிலாக்கும் 1633இல் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கியபோது, அச்சகோதரிகளை மடத்துக் கன்னியராக அறிவிக்காமலே வைத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வார்த்தைப்பாட்டோடு (துறவு வாழ்வுக்காக இறைவனுக்குக் கொடுக்கும் வாக்குறுதி) நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பும் வழி காணப்பட்டது. பணிசெய்யும் சபையினரையும் முழுமையான துறவியராகத் திருச்சபை ஏற்றுக்கொண்டது 1900இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் காலத்தில்தான். நீங்கள் எழுதப்போகும் சகோதரியின் சபை எப்போது, எந்தத் தேவைக்காகத் தோன்றியது, அதன் தனிவரம், அதாவது அதற்கே உரிய சிறப்பு நோக்கம், எது என்பதை அறிந்துகொண்டால், அவர் ஏன் ஆசிரியை ஆனார், ஏன் செவிலியர் ஆனார் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்து ஆண்டுகளின் வரிசையைக் கட்டியெழுப்ப வேண்டும். இதற்குத் திருச்சபைச் சட்டம் பெருந்துணையாக இருக்கும். இப்போது நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, 17 வயது நிறைவடையாதவரை நவதுறவு நிலையில், அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில், சேர்ப்பது செல்லாது. நவதுறவு குறைந்தது 12 மாதங்கள் நடைபெற வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளக்கூடாது. தகுதி குறித்து ஐயம் இருந்தால் மட்டும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பின் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் தற்காலிக நிலை தொடரும்; தேவைப்பட்டால் அதை மொத்தம் ஒன்பது ஆண்டுகள் வரை நீட்டிக்க இடம் உண்டு. 21 வயது நிறைவடைந்த பின்னரே வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க முடியும். அதற்கு முந்தைய 1917ஆம் ஆண்டுத் தொகுப்பில் நவதுறவுக்கான வயது 15 என்று இருந்தது. ஆகவே பழைய தலைமுறைச் சகோதரியைப் பற்றி எழுதும்போது அவர் 15 வயதில் நவதுறவில் நுழைந்ததாகக் குறிப்பு இருந்தால் அதைப் பிழை என்று திருத்திவிடக் கூடாது. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய தேதிகளைப் பார்த்தால், வழக்கத்துக்கு மாறான இடைவெளிகள் தாமாகவே கண்ணில் படும். முதல் வார்த்தைப்பாட்டுக்கும் நித்திய வார்த்தைப்பாட்டுக்கும் இடையில் எட்டு ஆண்டுகள் கழிந்திருக்குமானால், நோயா, வீட்டாரின் எதிர்ப்பா, போரா, அவருடைய சொந்தத் தயக்கமா என்று கேட்டறிய வேண்டும். வாழ்க்கை வரலாற்றுக்கு உயிர் தரும் செய்தி பெரும்பாலும் இத்தகைய இடைவெளிகளில்தான் கிடைக்கிறது.

பெயர்களில் மிகுந்த கவனம் தேவை. கத்தோலிக்க ஆயர்களின் உலகளாவிய பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன், துறவு உடை பெறும் நாளில் புதிய பெயர் சூட்டுவது பல சபைகளில் வழக்கமாக இருந்தது. சங்கத்துக்குப் பின் பலர் தம் திருமுழுக்குப் பெயருக்கே திரும்பினர். இதனால் பள்ளிச் சான்றிதழிலும் அரசு ஆவணங்களிலும் ஒரு பெயர், இல்ல ஏடுகளில் மற்றொரு பெயர், பிற்காலக் கடிதங்களில் மீண்டும் முதல் பெயர் என்று ஒரே பெண் இருவராகத் தோன்றுவார். இதற்கு நேர்மாறாக, ஒரே துறவுப் பெயரைக் கொண்ட இருவர் ஏடுகளில் ஒருவராகக் கலந்துவிடுவதும் உண்டு. எந்த ஆண்டில் எந்தப் பெயர் என்பதைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஏடுகளைத் திறக்க வேண்டும்.

ஏடுகளைப் பார்க்க, சபையின் அந்தப் பகுதி இல்லங்களுக்குப் பொறுப்பான மாநிலத் தலைவியிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். எதைத் தேடுகிறீர்கள், எதற்காக என்பதையும் அதிலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள். சேர்க்கைப் பதிவேடு, பணிமாற்றக் கடிதங்கள், ஒவ்வோர் இல்லத்திலும் எழுதப்பட்டு வரும் நாளேடு, ஒருவர் இறந்ததும் எல்லா இல்லங்களுக்கும் அனுப்பப்படும் இரங்கல் மடல் ஆகியவை முக்கியமானவை. பல சபைகளில் வார்த்தைப்பாட்டு வாசகத்தைச் சகோதரி தம் கையாலேயே எழுதி ஒப்பமிடுவார். அந்தத் தாள் கிடைத்தால் அதன் படி ஒன்றை நூலில் சேர்க்கலாம். பலரும் மறந்துவிடும் சான்று ஒன்று அவர் பிறந்த ஊரின் பங்குக் கோவிலிலேயே இருக்கிறது: திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த செய்தி அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்கப்பட வேண்டும். சபையின் ஏடுகள் தொலைந்துபோன நிலையில் அந்த ஒரு வரிக் குறிப்பு பெரிதும் உதவும்.

இல்ல நாளேட்டை முதன்முறையாகப் படிப்பவர் ஏமாற்றம் அடையக்கூடும். ஆயர் வருகை, தியான நாள்கள், கட்டடப் பழுது, விழாத் திருப்பலி எனப் பொதுச் செய்திகளே பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும். தனி ஒருவரைப் புகழ்வது துறவுக்குப் பொருந்தாது என்று கருதப்பட்டதால், இரவெல்லாம் பிரசவ அறையில் நின்ற சகோதரியின் பெயர்கூட அதில் இராது. அந்த வேலையின் தடயங்களை அவர் பணியாற்றிய நிறுவனத்தின் ஏடுகளில் தேட வேண்டும். பிரசவப் பதிவேடு, பள்ளியின் வருகைப் பதிவேடு, விடுதிக் கணக்கு, மருந்து இருப்புப் புத்தகம் ஆகியவற்றில் அவருடைய கையெழுத்து எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு முடிகிறது என்று பார்த்தாலே, நாளேடு சொல்லாத பல செய்திகள் தெரியவரும்.

சபையின் ஏடு என்பதாலேயே அதில் உள்ளதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. பிரான்சின் பிரித்தானி பகுதியில் 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்துக்கு அழைத்து வந்து பராமரித்த ஜான் ஜுகான்தான் அச்சபையைத் தொடங்கியவர். ஆயினும் சபையை வழிநடத்திய அருட்தந்தை லெ பய்யர், 1843இல் மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜுகானை விலக்கிவிட்டு வேறொரு சகோதரியை அந்த இடத்தில் அமர்த்தினார். காலப்போக்கில் சபையை நிறுவியவர் தாமே என்ற கதையையும் நிலைநாட்டினார். 1852இல் தலைமை இல்லத்துக்கு அழைக்கப்பட்ட ஜுகான், 1879இல் இறக்கும் வரை அங்கேயே ஒதுங்கி வாழ்ந்தார். அவர் மறைந்தபோது, சபையைத் தொடங்கியவர் அவரே என்பது இளஞ்சகோதரிகள் பலருக்குத் தெரியவில்லை. 1890இல் லெ பய்யர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பின்னரே உண்மை படிப்படியாக வெளிவந்தது. 2009இல் ஜுகான் புனிதராக அறிவிக்கப்பட்டார். சபையின் அதிகாரப்பூர்வமான வரலாறு ஒன்று சொல்ல, பழைய கடிதங்களும் நகராட்சி ஆவணங்களும் வேறொன்று சொன்னால், இரண்டையும் அருகருகே வைத்து ஆராய்வதே முறை.

ஏடுகள் தீர்ந்த இடத்தில் மனிதர்களின் நினைவு தொடங்குகிறது. வயது முதிர்ந்த சகோதரியிடம் “உங்கள் அழைத்தலைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால், “எல்லாம் இறைவனின் செயல்” என்ற மறுமொழியே கிடைக்கும். அதற்கு மேல் தம்மைப் பற்றிப் பேசக் கூடாது என்றே அவர் பழக்கப்பட்டிருக்கிறார். ஆகவே ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? செபம் முடிந்து வார்டுக்குப் போக எவ்வளவு நேரம் இருந்தது? மருந்து அறைச் சாவி யாரிடம் இருந்தது? வீட்டுக்குக் கடிதம் எழுத எப்போது அனுமதி? பணிமாற்றக் கடிதம் வந்த பின் புறப்பட எத்தனை நாள் இருந்தது, பெட்டியில் என்ன எடுத்துச் சென்றீர்கள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தயக்கமில்லாமல் விடை சொல்வார்; விடை சொல்லும்போதே மற்றவையும் வெளிவரும். முதுமையில் உள்ளவரை ஒரே அமர்வில் களைப்படையச் செய்வதைவிட, சிறு சிறு உரையாடல்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பேச்சைப் பதிவு செய்வதற்கு அவருடைய சம்மதம் கட்டாயம். “இதை எழுத வேண்டாம்” என்று அவர் சொன்னால் அந்தப் பகுதியை எழுதாமல் விடுங்கள்.

சபைக்குள்ளேயே யாருடைய குரல் குறைவாகக் கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். பல பழைய சபைகளில் படித்த சகோதரிகள் ஒரு பிரிவாகவும், சமையல், சலவை, தோட்டம் ஆகியவற்றைக் கவனித்த உதவிச் சகோதரிகள் மற்றொரு பிரிவாகவும் இருந்தனர். உடையிலும் அமரும் இடத்திலும் வாக்குரிமையிலும்கூட வேறுபாடு நிலவியது. துறவற வாழ்வின் புதுப்பித்தலைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஆணை, பெண்கள் சபைகளில் அனைவரையும் ஒரே பிரிவாக்குமாறு பணித்தது. நீங்கள் எழுதும் சகோதரி அந்த மாற்றத்துக்கு முன் சேர்ந்தவரானால், அவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்பது அவருடைய வாழ்வில் ஏறத்தாழ எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கும். சகோதரிகளை மட்டும் சந்தித்துவிட்டு நின்றுவிடாமல், அவரோடு வேலை செய்த செவிலியர், ஓட்டுநர், விடுதிச் சமையலாளர் ஆகியோரையும், இயன்றால் அச்சபையை விட்டு வெளியேறி இல்லற வாழ்வில் இருப்பவர்களையும் சந்தியுங்கள். வெளியேறியவர்களிடம் கசப்பு மட்டுமே இருக்கும் என்று எண்ணுவது தவறு. உள்ளிருந்து பார்த்ததை வெளியிலிருந்து சொல்லக்கூடியவர்கள் அவர்களே.

கருத்து வேறுபாடுகளையும் துன்பங்களையும் மறைக்கத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் மேரி மெக்கில்லப் 1871இல் தம் ஆயரால் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். அந்தத் தடை 1872இல் நீக்கப்பட்டது. 2010இல் அவர் புனிதரானார். அந்தக் கசப்பான மாதங்களை ஒதுக்கிவிட்டு அவருடைய வரலாற்றை எழுத முடியாது. அன்னை தெரேசா தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வெளியானபோதுதான், பல்லாண்டுகள் அவர் உள்ளத்தில் இறைவனை உணர முடியாத இருளோடு வாழ்ந்தார் என்பதை உலகம் பரவலாக அறிந்தது. அக்கடிதங்களை அழித்துவிட வேண்டும் என்று அவரே விரும்பியிருந்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். என் கருத்தில், இறந்தவரின் அகவாழ்வு பற்றிய எழுத்துகளைச் சபையின் இசைவின்றி வெளியிடக் கூடாது; ஆனால் அவர் தலைவியோடு கருத்து மாறுபட்டதையும், மருத்துவமனையை மூடும் முடிவை எதிர்த்ததையும் எழுதத் தயங்கக் கூடாது. உயிரோடிருக்கும் மற்றவர்களைப் புண்படுத்தும் இடங்களில் பெயரை நீக்கிவிட்டு நிகழ்ச்சியை மட்டும் கூறலாம்.

எழுதும் நடையைப் பொறுத்தவரை, “அனுப்பப்பட்டார்”, “நியமிக்கப்பட்டார்” என்ற வினைகளைக் காணும் இடமெல்லாம் நின்று, யார் அனுப்பினார், அங்கே என்ன தேவை இருந்தது, இங்கே எந்த வேலை பாதியில் நின்றது என்று கேளுங்கள். அவர் பணியாற்றிய ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரே அளவு பக்கம் ஒதுக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்ததைச் சில பத்திகளில் முடித்துவிட்டு, தொழுநோயாளர் இல்லத்தில் இருந்த இரண்டு ஆண்டுகளுக்கு நீண்ட இயல் ஒதுக்குவது சில நேரங்களில் சரியாக இருக்கும். அடைபட்ட மடத்துக் கன்னியரின் வரலாற்றில் இடமாற்றங்கள் இரா. ஆகவே திருப்புகழ்மாலை என்னும் அன்றாடப் பொதுச் செபத்தின் வேளைகள், அப்பம் சுடுதல், தையல், மடத்தலைவித் தேர்தல் என ஒரு நாளின், ஓர் ஆண்டின் ஒழுங்கையே நூலின் கட்டமைப்பாகக் கொள்ளலாம். இறந்தவரைப் புனிதர் என்றோ இறை ஊழியர் என்றோ குறிப்பிடாதீர்கள். புனிதர் நிலைக்கான நடவடிக்கை தொடங்கிய பின்னரே இறை ஊழியர் என்ற பட்டம் பொருந்தும், அந்த நடவடிக்கையும் பொதுவாக இறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே தொடங்கப்படும். அவரிடம் வேண்டிக்கொண்டதால் நலம் பெற்றதாக யாரேனும் கூறினால், கூறியவரின் சொற்களாகவே அதைப் பதிவு செய்து, தேதியையும் மருத்துவக் குறிப்புகளையும் தனியே பாதுகாத்து வையுங்கள்.

எழுதி முடித்த படியை அச்சுக்குக் கொடுக்கும் முன், அவரோடு நவதுறவில் இருந்த ஒருவரிடமும், குடும்பத்தில் ஒருவரிடமும், சபையின் ஆவணக் காப்பாளரிடமும் படிக்கக் கொடுங்கள். தேதிகளிலும் இல்லங்களின் பெயரிலும் அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளலாம். புகழ்ச்சியைக் கூட்டச் சொல்லும் திருத்தங்களை மரியாதையோடு மறுத்துவிடலாம். ஒலிப்பதிவுகளின் மீது பேசியவரின் பெயர், இடம், நாள் ஆகியவற்றையும், நிழற்படங்களின் பின்புறம் நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகவும் பென்சிலால் எழுதி, ஒரு படியைச் சபையின் ஆவணக் காப்பகத்திலும் மற்றொரு படியைக் குடும்பத்தாரிடமும் ஒப்படையுங்கள்.