கார்பன் கணக்கில் ரூபாயைப் போடாதீர்கள், யூனிட்டைப் போடுங்கள்

வீட்டின் கார்பன் அளவைச் சொல்லும் ஆன்லைன் கால்குலேட்டர்களில் கரண்ட் பில் தொகையைப் போடாமல், பில்லில் உள்ள யூனிட்டை இரண்டால் வகுத்துப் போடுங்கள். நாடு என்ற இடத்தில் இந்தியா இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கால்குலேட்டர்கள் பெரும்பாலும் மாதக் கணக்கு கேட்கும். அப்புறம், முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் ரூபாய் இங்கே சரியான அளவுகோலே இல்லை. 100 யூனிட்டுக்குள் முடிக்கும் வீட்டுக்கு பில் பூஜ்யம்தான், ஆனால் நிலக்கரியை நம்பியிருக்கும் நம் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வீதம் 70 கிலோ வரை வெளியேறியிருக்கும். பிரிட்டன் கணக்கில் போட்டால் இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கேஸுக்கும் இதே வழிதான்: விலையை விடுங்கள், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 42 கிலோ கரியமில வாயு.

குறைந்திருக்கிறதா என்று பார்க்க, போன வருடம் இதே இரண்டு மாத பில்லோடு ஒப்பிடுங்கள். மே மாத ஏசி பில்லை மார்கழியோடு ஒப்பிட்டால் எல்லோருமே சாதனையாளர்கள்தான்.

வீட்டு உரிமையாளர் சப் மீட்டர் பார்த்து மாதாமாதம் வசூலிக்கும் வாடகை வீடுகளில் இரண்டால் வகுக்க வேண்டாம். கூரையில் சோலார் வைத்தவர்களுக்கு பில்லில் உள்ள நிகர யூனிட் உதவாது. வெளியிலிருந்து எடுத்த யூனிட்டைத் தனியாகப் பார்த்துப் போட வேண்டும்.