சிங்கப்பூர்ப் பயணத்தில் நம் காசைக் கரைக்கும் தவறுகள்

பள்ளி விடுமுறை விட்டதும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ரெங்கத்திலிருந்து தெற்கே சிங்கப்பூருக்குப் புறப்படும் வேன்கள் கூடிவிடும். சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் ரப்பர், நடுவில் ஒரு ரயில் நிலையம், சில வரிசைக் கடைகள். இப்படித் தோட்டத்து ஊரில் வளரும் பிள்ளைக்கு சிங்கப்பூர் என்றாலே கண் விரியும். போய் வந்த மறுநாள் கோப்பிக்கடையில் பெரியவர்கள் பேசுவது மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "ரெண்டு நாள்தான் இருந்தோம். காசு எப்படிப் போச்சுன்னே தெரியல."

எப்படிப் போகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். கடைசி நாலைந்து பயணங்களில் கொடுத்த ஒவ்வொரு காசையும் சின்ன நோட்டு ஒன்றில் எழுதி வந்திருக்கிறேன். ஓட்டல் வாடகை, நுழைவுச்சீட்டு போன்ற பெரிய செலவுகளை வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் செய்கிறோம். அவற்றால் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. ஐந்து, எட்டு, பத்து என்று யோசிக்காமல் நீட்டும் காசுதான் கடைசியில் தலையில் இடியாக விழுகிறது.

அதற்குக் காரணம் நம் நாக்கில் இருக்கிறது. ரிங்கிட்டையும் வெள்ளி என்கிறோம், சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்கிறோம். 1973 மே மாதம் வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகவே மாறின. எங்கள் அம்மா தலைமுறைக்கு அது நேரில் கண்ட காலம். இப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆனால் பலகையில் "8" என்று பார்த்ததும் மனம் பழைய பழக்கத்தில் நம்ம ஊர் எட்டு வெள்ளியைத்தான் நினைக்கிறது. ஒருமுறை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் பேரன் கேட்ட பொம்மைக்கு அம்மா, "அஞ்சு வெள்ளிதானே, வாங்கிக் கொடு" என்றார். ரெங்கத்துப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் அதே பொம்மைக்கு யாராவது பதினாறு ரிங்கிட் கேட்டிருந்தால், அடுத்த கடைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

அதற்காக ஒவ்வொரு கோப்பிக்கும் தே தாரேக்கும் மனதுக்குள் பெருக்கிக்கொண்டே நடந்தால் பயணம் கசந்துவிடும், பிள்ளைகளின் முகமும் வாடிவிடும். நான் கண்ட வழி வேறு. புறப்படும் முன்பே ஒரு நாளைக்கு இவ்வளவு ரிங்கிட் என்று முடிவு செய்து, அதை சிங்கப்பூர்ப் பணமாக மாற்றி, நாளுக்கு ஒரு உறையில் போட்டுவிடுவேன். பெருக்கல் ஒரே தடவை, வீட்டிலேயே முடிந்துவிடும். அப்புறம் உறையில் என்ன மிச்சம் என்று பார்த்துச் செலவு செய்தால் போதும்.

இந்த ஐந்து வெள்ளி விஷயம் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் ரயில்தான். ஜொகூர் பாருவின் (ஜே.பி.) சென்ட்ரல் நிலையத்திலிருந்து எல்லைக்கு அப்பால் உள்ள உட்லண்ட்ஸ் போகும் ஷட்டல் தெப்ராவ் ரயிலில், போகும்போது கட்டணம் 5 ரிங்கிட். திரும்பி வரும்போதும் ஐந்துதான், ஆனால் 5 சிங்கப்பூர் வெள்ளி. அதே தண்டவாளம், அதே ஐந்து நிமிடம், விலை மூன்று மடங்கு. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆகவே போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளலாம். வாரக் கடைசியில் மட்டும் நான் இதில் மிச்சம் பிடிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலை இரு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தில் தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்பதைவிட அந்த ஐந்து வெள்ளி மேல். ஆனால் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே கே.டி.எம். ரயில் நிறுவனச் செயலியில் வாங்கி வையுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் 170 எண் பஸ்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜே.பி.யின் லார்கின் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பி, புக்கிட் தீமா சாலை வழியாகத் தேக்காவுக்குப் பக்கத்தில் குவீன் ஸ்திரீட் வரை போகும். குடிநுழைவுச் சோதனைக்கு இறங்கும்போது பையெல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் வரும்வரை அந்த பஸ் காத்திருக்காது. அடுத்து வரும் அதே எண் பஸ்ஸில் ஏறலாம். மஞ்சள் நிற பஸ்ஸில் காசு கொடுத்து ஏறியவர்கள் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தொலைத்தால் அந்தப் பக்கம் மறுபடி காசு கொடுக்க நேரிடும்.

சொந்தக் காரில் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வார நாளில் பகலில் நுழைந்தால், ஆண்டுக்குக் கிடைக்கும் பத்து இலவச நாள்கள் முடிந்த பிறகு, அனுமதிக் கட்டணமே நாளுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி. வாரக் கடைசியில் அது இல்லை என்றாலும் டோல், ஈ.ஆர்.பி. என்னும் சாலைக் கட்டணம், பார்க்கிங் என்று ஒவ்வொன்றாக வரும். காரை ஜே.பி.யில் விட்டுவிடுங்கள்.

நேரமும் காசுதான். வார நாளில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்று நினைப்பது நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அந்த நேரத்தில்தான் வேலைக்குப் போகும் மலேசியர்கள் எல்லாரும் கடக்கிறார்கள். கடற்பாலத்தைத் தினமும் கடப்பவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். வார நாளில் ஒன்பதரைக்கு மேல் கிளம்பி, மாலை நாலு மணிக்கு முன்போ இரவு பத்துக்குப் பிறகோ திரும்புங்கள். நெரிசலில் மாட்டிக்கொண்டு பொறுமை இழந்து டாக்சி தேடினால், ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அதிலேயே போய்விடும்.

எல்லையில் இன்னும் இரண்டு விஷயம். எஸ்.ஜி. அரைவல் கார்டு என்று ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும், போகும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்திலும் செயலியிலும் அது முற்றிலும் இலவசம். தேடும்போது முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் போய்க் காசு கட்டிவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வங்கி அட்டை எண் கேட்கும் பக்கம் என்றால் உடனே மூடிவிடுங்கள். இரண்டாவது, சிகரெட். வரி இல்லாமல் ஒரு குச்சிகூடக் கொண்டுபோக முடியாது. மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவுக்கும் வரிச்சலுகை கிடையாது. வேப் என்னும் மின்சிகரெட்டுக்கு முழுத் தடை. சட்டைப் பையில் மறந்துபோய்க் கிடந்த பாதிப் பெட்டிக்காக மொத்தப் பயணக் காசையும் அபராதமாகக் கட்டிவிட்டு வர வேண்டாம், மாமாக்களிடம் வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் மாற்றும் விஷயத்தில், ஓட்டல் வரவேற்பு மேசையில் மாற்றுவதைத் தவிர்த்தாலே பாதி லாபம். ஜே.பி.யில் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு மாற்றுங்கள். அதைவிட முக்கியம், அட்டை தேய்க்கும் இயந்திரமோ ஏ.டி.எம்.மோ "ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா, சிங்கப்பூர் டாலரிலா?" என்று கேட்கும். ரிங்கிட் நமக்குப் புரிந்த கணக்கு என்பதால் கை தானாக அதைத் தொடப் போகும். தொடாதீர்கள். ரிங்கிட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த இயந்திரக்காரர் வைத்த மாற்று விலைதான், பெரும்பாலும் அது நம் வங்கி விலையைவிட மோசம். எப்போதும் சிங்கப்பூர் டாலரையே தேர்ந்தெடுங்கள். 2023-லிருந்து நம் வங்கிச் செயலியிலேயே சிங்கப்பூர்க் கடைகளில் உள்ள நெட்ஸ் கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்தும் கட்டலாம். சில்லறைச் செலவுக்கு அது வசதி.

எம்.ஆர்.டி. ரயிலிலும் பஸ்ஸிலும் நம் வங்கி அட்டையைத் தட்டினால் போகலாம், ஆனால் வெளிநாட்டு அட்டை என்பதால் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். ஒரு நாள் பயணத்துக்குப் பரவாயில்லை. அடிக்கடி போகிறவர்கள் பயண அட்டை ஒன்று வாங்கி வைப்பது நல்லது. ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒன்றை வைத்து நாலு பேர் நுழைய முடியாது. பஸ்ஸில் இறங்கும்போது தட்ட மறப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை. மறந்தால் அந்த பஸ் போகும் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடிபடும். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு 45 நிமிடத்துக்குள் அதே அட்டையில் மாறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். ஆகவே இடையில் கடைக்குள் புகுந்து நேரத்தை விட்டுவிடாதீர்கள். ரயிலுக்குள் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை போகும்.

சாப்பாட்டுக்கு வருவோம். குளுகுளு அறை உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதலாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரியை சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள். நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு கட்ட வேண்டும். அந்த மேலதிக இருபது வெள்ளி நம் பணத்தில் அறுபது ரிங்கிட்டைத் தாண்டும். ஒருமுறை கடல் உணவுக் கடை ஒன்றில் உட்கார்ந்ததும் ஒரு தட்டில் கச்சான் கடலையும் ஈரத் துடைப்புத் தாள்களும் கொண்டுவந்து வைத்தார்கள். உபசரிப்பு என்று நினைத்துப் பிள்ளைகள் கொறித்தார்கள். பில்லில் இரண்டுக்கும் தனித்தனியே விலை இருந்தது. வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நம் போன்ற குடும்பத்துக்கு உணவங்காடி நிலையம்தான் சரி. தேக்கா நிலையத்தில் தோசையிலிருந்து பிரியாணி வரை எல்லாம் உண்டு, கூட்டல் குறி கிடையாது. நம்ம ஊர் ரொட்டி சானாய் அங்கே புரோட்டா என்ற பெயரில் கிடைக்கும். சாப்பிட்டதும் தட்டை எடுத்துப்போய் வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால் 2021-லிருந்து அதற்கும் அபராதம் உண்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆளுக்கு ஒரு போத்தல் எடுத்துப் போனால் தண்ணீருக்குச் செலவே இல்லை.

கடைத்தெருவில் அதிகம் சறுக்குவது வரி திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். 100 வெள்ளிக்கோ அதற்கு மேலோ வாங்கினால் சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் விமானத்திலோ சொகுசுக் கப்பலிலோ வெளியேறுகிறவர்களுக்குத்தான் அது. உட்லண்ட்ஸ், துவாஸ் வழியாகத் தரைவழி திரும்பும் நமக்குக் கிடையாது. சிராங்கூன் சாலையில் நகை வாங்க நினைக்கும் அக்காமார்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். நகைக்கு வரும் 9 விழுக்காடு செய்கூலிக்கு மட்டும் அல்ல, தங்கத்தின் விலைக்கும் சேர்த்து. முஸ்தபா பேரங்காடியில் நம் ஊரில் கிடைக்காத பொருளை வாங்குங்கள். மைலோவும் சோப்பும் பிஸ்கட்டும் அங்கிருந்து சுமந்து வருவதில் ஒரு பயனும் இல்லை.

உறவுக்காரர்கள் "அது இலவசம்தான்" என்று சொன்னால் யாருக்கு இலவசம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய அரும்பொருளகம், கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையம் இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்கூடம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் இலவசம். நமக்குக் கட்டணம் உண்டு. எல்லாருக்கும் இலவசமானவை தனி. கரையோரப் பூந்தோட்டத்தில் அந்த உயரமான செயற்கை மரங்களுக்குக் கீழே இரவு 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும் ஒளிக்காட்சி அப்படி. சாங்கி விமான நிலைய ஜுவலில் உள்ள 40 மீட்டர் உள்ளரங்க அருவியும் அப்படித்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா. காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும், உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு. நம் தோட்டத்து மக்கள் இங்கே போகாமல் திரும்பி வருவதைத்தான் நான் பெரிய தவறாக நினைக்கிறேன். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இந்தப் பூங்காவுக்குத்தான் வந்தன. 1888-இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர் மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டு முறையை இங்கேதான் வகுத்தார். ரப்பர் நடச் சொல்லி அவர் தோட்ட முதலாளிகளை விடாமல் நச்சரித்தாராம். அந்த மரம் மலாயா முழுக்கப் பரவியதால்தான் நம் தாத்தா பாட்டிகள் கப்பல் ஏறி வந்தார்கள்.

அம்மா இருபத்தெட்டு வருடம் பால்மரம் வெட்டியவர். பணியாளர் ஒருவரிடம் கேட்டு ரப்பர் மரத்தைக் கண்டுபிடித்ததும் பட்டையில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, இடது மேலிருந்து வலது கீழாக விரலால் சாய்வாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இந்தச் சாய்வுலதான் கத்தி போகணும்யா. ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலாப் போனா பால் வராது. இங்கதான் பால் பிடிக்கிற மங்கு கட்டுவோம்." பையன் அந்த இடத்தில் தன் விரலை வைத்து மறுபடியும் இழுத்துப் பார்த்தான். ஒன்பது மணிக்குப் போனவர்கள் பன்னிரண்டரைக்குத்தான் வெளியே வந்தோம். அன்று காலைக்கு என் நோட்டில் இருப்பது நாலு பேரின் எம்.ஆர்.டி. கட்டணம் மட்டும்.