விடுமுறை முடிந்து சிங்கப்பூருக்குத் திரும்பும் தமிழாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை அனுமதியில் இங்கே பணியாற்றி, ஆண்டிறுதி விடுமுறைக்குத் தமிழ்நாடு போய், ஜனவரியில் மறுபடி வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல்முறை வந்து இறங்கும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். திரும்பி வரும்போதுதான் தெரிந்த ஊர்தானே என்று அசட்டையாக இருந்துவிட்டு, முதல் பருவம் முழுக்கத் திணறுகிறார்கள்.

பயண நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே தவறு தொடங்குகிறது. விடுப்பின் கடைசி நாள்வரை ஊரில் இருந்துவிட்டு, சென்னையிலோ திருச்சியிலோ இரவு விமானம் ஏறி, மறுநாளே பள்ளிக்குப் போகப் பார்ப்பார்கள். பறப்பது சுமார் 4 மணி நேரம்தான், ஆனால் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் போய்விடுவதால் அந்த ராத்திரித் தூக்கம் போனதுதான். இரண்டரை மணி நேரமெல்லாம் ஒரு பெரிய வித்தியாசமா என்று கேட்பவர்கள் உண்டு. காலை 7:30 மணிப் பள்ளிக்காக நீங்கள் 5:30-க்கு எழுந்தால், ஊர்க் கணக்கில் அது விடியற்காலை 3 மணி. இத்தனை வாரம் ஊர் நேரத்துக்குப் பழகிய உடம்பு அதற்கு ஒரே நாளில் ஒத்துவராது. இரண்டு மூன்று நாளாவது முன்னதாக வந்துவிடுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் அந்த அவகாசம் வேண்டும். டிசம்பரும் ஜனவரியும் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். அலமாரித் துணியில் பூஞ்சை பிடித்திருக்கும், பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்று கொசு பெருகியிருந்தால் அபராதமும் வரும்.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். வெளிநாடு போய்வருபவர்களுக்குப் புதுப் பொருள்களுக்கான ஜிஎஸ்டி சலுகை உண்டு என்று கேள்விப்பட்டு, புதுப் பட்டுச் சேலையையும் நகையையும் கவலையில்லாமல் கொண்டுவருகிறார்கள். வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. சுங்கத்துறையிடம் சொல்லி 9% வரி கட்ட வேண்டும். அம்மா ஆசையாகப் பொட்டலம் கட்டித் தரும் கசகசாவை ஊரிலேயே விட்டுவிடுங்கள். மார்ஃபின் கலந்திருக்கக்கூடும் என்பதால் இங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது.

இதையெல்லாம் சரி செய்துவிடலாம். வகுப்பறையில் நடக்கும் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை சுமார் 6 வாரம் நீங்கள் தமிழிலேயே எழுந்து தமிழிலேயே தூங்கியிருக்கிறீர்கள். பேச்சின் வேகம் கூடியிருக்கும், மதுரையோ நெல்லையோ, ஊர் வழக்கு நாக்கில் ஏறியிருக்கும். அதே 6 வாரத்தில் உங்கள் மாணவர்களில் பலர் தமிழே பேசியிருக்க மாட்டார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கே வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3%, தமிழ் என்று சொன்னவர்கள் 2.5%. ஆக, நவம்பரில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஜனவரியில் இரண்டு பக்கமும் கூடிப்போயிருக்கிறது. இதை உணராமல் முதல் நாளே பாடநூலைத் திறந்து மளமளவென்று நடத்தினால், பிள்ளைகள் தலையை மட்டும் ஆட்டுவார்கள். அது புரிந்ததற்கான அடையாளம் என்று நம்பிவிடக் கூடாது.

முதல் வாரம் அவர்களைப் பேச விடுங்கள். பக்கத்தில் மலேசியாவின் ஜொகூருக்குப் போனது, பாட்டி வீட்டில் தங்கியது, பாசிர் ரிஸ் கடற்கரையில் சைக்கிள் ஓட்டியது என்று அவர்களிடம் எவ்வளவோ இருக்கும். இருவர் இருவராக உட்காரவைத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். நடுவே ஆங்கிலச் சொல் வந்தால் தடுக்காமல், முடித்த பிறகு அதற்கான தமிழைக் கொடுங்கள். எழுத்துத் தமிழில் பேசினால்தான் தமிழ் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். 2005 பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு இங்கே வகுப்பறையில் முறையான இடம் உண்டு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டு உரையாடும் பகுதியும் இருக்கிறது. ஆகவே பேச்சுக்குக் கொடுக்கும் ஒரு வாரம் வீண் இல்லை.

ஒரு வாக்கியத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சொல்லிவிடாதீர்கள்: 'எங்க ஊர்ல மூணாவது படிக்கிற பிள்ளைகூட இதைப் படிச்சிடும்.' ஊருக்குப் போய்வந்த உடனே இந்த ஒப்பீடு வாய்வரை வந்து நிற்கும். அந்தப் பிள்ளை சுற்றிலும் தமிழ்ப் பலகைகளைப் பார்த்து வளர்வது. இந்தப் பிள்ளைக்குத் தமிழ் என்றால் பெரும்பாலும் நீங்களும் உங்கள் பாடவேளையும்தான். ஒருமுறை கூசிப்போன பிள்ளை அதற்கப்புறம் உங்கள் வகுப்பில் வாயைத் திறப்பது கடினம்.

பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தால் போன். ஊரில் இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு முடித்து ஓய்வாகக் கூப்பிடுவார்கள், இங்கே அப்போது 11:30. தினமும் அதை எடுத்தால் வகுப்பில்தான் எதிரொலிக்கும். மாலையில் ஒரு நேரம் பேசி வைத்துக்கொண்டால் வீட்டாரும் பழகிவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பொங்கல் வரும். இங்கே அது பொது விடுமுறை இல்லை. ஊரே கொண்டாடுவதை வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டு அறையில் தனியாக இருப்பதைப் போலச் சோர்வு தருவது வேறில்லை. லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் பக்கம் போனால் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் கிடைக்கும். அறைத் தோழர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் சரி, சேர்ந்து பொங்குங்கள்.

ஜனவரியில்தான் பெற்றோர் டியூஷன் கேட்டும் வருவார்கள். கோயில் வரிசையில், வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில், அன்பாகத்தான் கேட்பார்கள். ஊரில் நிறையச் செலவு செய்துவிட்டு வந்த நேரம் என்பதால் மனமும் தடுமாறும். உங்கள் வேலை அனுமதி, உங்களை எடுத்த முதலாளிக்காக மட்டும் வேலை செய்யத் தரப்பட்டது. முறையான அனுமதியில்லாமல் வேறு வேலை செய்தால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தெரிந்தவர் பிள்ளை, காசு வாங்கினால் யாருக்குத் தெரியும் என்றெல்லாம் யோசிக்காமல், பதிவுபெற்ற துணைப்பாட நிலையத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பணம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வருமான வரியைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பதில்லை. இணையத்தில் கணக்குக் காட்ட ஏப்ரல் 18 கடைசி நாள், தொகை அதற்குப் பிறகு மொத்தமாக வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும் கைரோ வழியாக 12 தவணை வரை வட்டியில்லாமல் கட்டலாம். ஊரில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், புது எண்ணை மனிதவள அமைச்சிடம் பதிவு செய்யும்படி பள்ளி அலுவலகத்தில் வந்த வாரமே சொல்லிவிடுங்கள்.