ஓட்டோசிங்க்ளஸ் வளர்க்க: முதலில் பாசி, பிறகு மீன்

புது மீன்தொட்டிக்கு, பாசி மேயும் சிறு கெளுத்தி மீனான ஓட்டோசிங்க்ளஸ் வாங்காதீர்கள். "பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைக்கும்" என்று கடையில் சொல்வார்கள். வாங்கிய சில வாரங்களில் ஒவ்வொன்றாகச் சாகும்போது, நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவோம். பெரும்பாலும் அது பட்டினிச் சாவு.

பிரேசில், பெரு, கொலம்பியா ஆறுகளில் பிடிக்கப்பட்டவையே அதிகம் விற்பனைக்கு வருகின்றன. வழியெல்லாம் சரியான தீனி கிடையாது. உடலை எலும்புத் தகடுகள் மூடியிருப்பதால் பக்கவாட்டில் மெலிவு எளிதில் தெரியாது.

முதல் வேலை, இந்த மீனை விடுவதற்கு முன் தொட்டியை வடிகட்டியோடு இரண்டு மூன்று மாதம் ஓடவிடுவது. நீரைச் சோதித்தால், மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். வடிகட்டி என்றால் என் தேர்வு ஸ்பான்ஜ் வடிகட்டிதான். அதன்மேல் படியும் படலத்தையும் இவை மேயும்.

அடுத்தது பாசி. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வழவழப்பான தட்டைக் கூழாங்கற்களை ஒரு வாளியில் போட்டு, தொட்டியிலிருந்து மாற்றிய பழைய நீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். சில நாட்களில் கல்லைத் தடவினால் விரல் வழுக்கும். பழுப்பும் பச்சையுமாக ஒரு மெல்லிய படலம். இவற்றுக்கு வேண்டியது அதுதான். நூல் பாசியையும் கரும்பாசியையும் நம்பாதீர்கள், தொடாது. கற்களை இரண்டு பங்காக வைத்துக்கொண்டு, ஒரு பங்கு தொட்டியில் காலியாகும்போது மற்றதை மாற்றுங்கள். சுண்ணாம்புக் கல் வேண்டாம், நீர் கடினமாகிவிடும்.

கடையில் மீன் கண்ணாடியில் ஒட்டும்வரை காத்திருந்து அடிவயிற்றைப் பாருங்கள். உருண்டு இருந்தால் வாங்கலாம். குழி விழுந்திருந்தால் வேண்டாம். குறைந்தது ஆறு வாங்குங்கள். ஓட்டோசிங்க்ளஸில் ஏறக்குறைய இருபது இனங்கள் உண்டு, அவற்றில் விட்டாட்டஸ், மேக்ரோஸ்பைலஸ் போதும். 2004இல் பெயரிடப்பட்ட, பெருவின் வரிக்கோட்டுக் கோகாமா இனம் அழகுதான். ஆனால் விலை அதிகம், முதல் முயற்சிக்கு வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக மீன் இருக்கும் பை நீரில் ஒரு மணி நேரம் கலந்த பிறகு மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

வெந்நீரில் வாட்டிய வெள்ளரி, பசலைக்கீரையை இரவில் வைத்துக் காலையில் எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் திரும்பியும் பார்க்காது, விடாமல் வையுங்கள்.

பின்சேர்க்கை: வாளியில் கொசு முட்டையிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மெல்லிய வலைத்துணியால் வாயைக் கட்டிவிடுங்கள், வெயில் தடைபடாது. மீன் திடீரென மேலே பாய்ந்து திரும்புவதைக் கண்டு பயந்தவர்களுக்கு: இவற்றால் மேலே வந்து காற்றை விழுங்கியும் சுவாசிக்க முடியும். எப்போதாவது என்றால் கவலையில்லை. எல்லாம் சேர்ந்து ஓயாமல் பாய்ந்தால் உடனே காற்றோட்டத்தைக் கூட்டி, நீரைச் சோதியுங்கள்.