பெர்பர் வீட்டுச் சமையல்: தஜீன், அமக்ஃபூல், அம்லூ

மொரோக்கோவின் அட்லஸ் மலைத்தொடரிலும் சூஸ் சமவெளியிலும், அல்ஜீரியாவின் கபிலியா மலைகளிலும் வாழும் பெர்பர் மக்கள், அதாவது அமாஸிக் மக்கள், அன்றாடம் சமைக்கும் உணவுக்கு நீண்ட மசாலாப் பட்டியல் தேவையில்லை. சுக்கு, மஞ்சள், மிளகு, சீரகம் ஆகிய நான்கும் நல்ல ஆலிவ் எண்ணெயும் இருந்தால் போதும். அடுப்பைத் தணித்து வைத்து, மூடியை அடிக்கடி திறக்காமல், இறைச்சியையும் காய்கறிகளையும் அவற்றின் நீரிலும் ஆவியிலுமே வேகவிடுவதுதான் இந்தச் சமையலின் சுவைக்குக் காரணம். ஆகவே மிளகாய்த்தூளையும் கரம் மசாலாவையும் சேர்க்கும் ஆசையை முதல் முறையாவது அடக்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தஜீன்

கூம்பு வடிவ மூடியுடைய மண்சட்டிக்கும், அதில் சமைக்கும் உணவுக்கும் தஜீன் என்றே பெயர். கொதியிலிருந்து எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் நீராகப் படிந்து மீண்டும் உணவின் மேலேயே வழிவதால், மிகக் குறைந்த தண்ணீரில் சமைக்க முடிகிறது. இச்சட்டி இல்லாதவர்கள் இறுக்கமான மூடியுடைய அடிகனமான அகன்ற பாத்திரத்தையோ, பழகிய மண்சட்டியையோ பயன்படுத்தலாம். புதிய மண் தஜீன் வாங்கினால் ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். எரிவாயு அடுப்பின் சுடர் மண்ணில் நேரடியாகப் படாதவாறு அடியில் ஓர் இரும்புத் தோசைக்கல்லை வைப்பதும், சூடான சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றாதிருப்பதும் சட்டி விரிசல் விடாமல் காக்கும்.

நான்கு பேருக்கு எலும்புடன் கூடிய கோழித் துண்டுகள் 750 கிராம், பெரிய வெங்காயம் 2, பூண்டுப் பற்கள் 4, கேரட் 3, உருளைக்கிழங்கு 3, சுக்கினி (வெள்ளரி போன்ற தோற்றமுடைய பூசணி வகைக் காய்) 1, தக்காளி 1, குடைமிளகாய் பாதி, ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி ஆகியவை தேவைப்படும். சுக்குத்தூளும் சீரகத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, மிளகுத்தூளும் மஞ்சள்தூளும் அரை அரைத் தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, தேவையான உப்பு, சிறிது கொத்தமல்லித் தழை ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

முதலில் சட்டியில் எண்ணெய் ஊற்றி, வட்டமாக நறுக்கிய வெங்காயத்தைப் பரப்பி, மசாலாத் தூள்களில் பாதியும் உப்பும் பூண்டும் தடவிய கோழித் துண்டுகளை நடுவில் அடுக்கி, சிறு தீயில் 20 நிமிடம் வைக்கவும். இடையில் ஒருமுறை துண்டுகளைத் திருப்பினால் போதும். பிறகு, நீளவாக்கில் நறுக்கிய கேரட்டையும் உருளைக்கிழங்கையும் கோழியைச் சுற்றிச் சாய்வாக நிறுத்தி, அவற்றின் மேல் சுக்கினியையும், இடுக்குகளில் பட்டாணியையும், உச்சியில் தக்காளி வட்டங்களையும் குடைமிளகாய்க் கீற்றுகளையும் வைத்தால் ஒரு சிறு குன்று எழும்பும். சீக்கிரம் வேகும் காய் மேலே, மெதுவாக வேகும் காய் கீழே என்பதே இந்த அடுக்கின் கணக்கு. மீதி மசாலாத் தூளையும் கொத்தமல்லியையும் 200 மில்லி வெந்நீரில் கலந்து ஓரமாக ஊற்றி மூடவும்.

அதன்பின் ஒரு மணி நேரத்துக்குக் கிளறவே கூடாது. மூடியின் விளிம்பில் குழம்பு பொங்கி வழிந்தால் தீ அதிகம் என்று பொருள். அப்போது தீயைக் குறைக்க வேண்டுமே தவிர மூடியைச் சரித்து வைக்கக் கூடாது. கத்திமுனை உருளைக்கிழங்கில் தடையின்றி இறங்கினால் உணவு தயார். சாறு நீர்த்திருந்தால் மட்டும் மூடியை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் வற்றவிடலாம். கோழிக்குப் பதில் ஆட்டிறைச்சி என்றால், காய்கறி வைப்பதற்கு முன்பே சிறிது வெந்நீர் விட்டு அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைக்க வேண்டியிருக்கும். சட்டியை அப்படியே நடுவில் வைத்து, ஒவ்வொருவரும் தமக்கு எதிரே உள்ள பகுதியிலிருந்து ரொட்டியால் எடுத்து உண்பது அங்குள்ள வழக்கம். சோற்றோடு பிசைவதைவிட ரொட்டியே இதற்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

அமக்ஃபூல்

கோதுமை ரவையை உருட்டிச் செய்யும் சிறு மணிகளே கூஸ்கூஸ். அதைச் சமைக்கும் அறிவும் வழக்கங்களும் அல்ஜீரியா, மொரோக்கோ, துனிசியா, மொரிட்டானியா ஆகிய நான்கு நாடுகளின் பொது மரபாக 2020 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன. கபிலியாவில் வசந்த காலத்துக் காய்களோடு செய்யப்படும் அமக்ஃபூல் என்ற கூஸ்கூஸ் உணவுக்குத் தனியாகக் குழம்பு தேவையில்லை என்பதால், தொடக்கநிலையினருக்கும் சைவ உணவினருக்கும் இது மிகவும் ஏற்றது.

கடையில் கிடைக்கும் பொட்டலங்களில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைக்குமாறு எழுதியிருக்கும். அவ்வாறு செய்தால் பசி தீரும், ஆனால் மணிகள் கட்டிதட்டிவிடும். 400 கிராம் கூஸ்கூஸை அகன்ற தட்டில் கொட்டி, 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைப் பிசறி, 150 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, புட்டு மாவைப் பிசறுவது போல உள்ளங்கைகளால் தேய்த்து உதிர்க்கவும். இட்லிப் பானையில் மெல்லிய துணியை விரித்து, மணிகளை அழுத்தாமல் பரப்பி, ஆவி மேலே எழத் தொடங்கியதிலிருந்து 15 நிமிடம் வேகவிடவும். ஆவி பக்கவாட்டில் கசிந்தால், பாத்திரங்கள் பொருந்தும் இடத்தில் ஈரத்துணிப் பட்டையைச் சுற்றிவிடலாம். கூஸ்கூஸுக்கென்றே உள்ள இரட்டைப் பாத்திரத்திலும் அங்குள்ள பெண்கள் இதையே செய்கிறார்கள்.

வெந்ததைத் தட்டில் கொட்டி, கட்டிகளை உடைத்து, ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த 250 மில்லி தண்ணீரைத் தெளித்துக் கலந்து, நீர் முழுவதும் உறிஞ்சப்பட்ட பின் மீண்டும் 15 நிமிடம் ஆவியில் வைக்கவும். மணி இன்னும் கடினமாக இருந்தால், சிறிது நீர் தெளித்து மூன்றாம் முறையும் வைக்கலாம். இதற்கிடையே சிறிதாக நறுக்கிய கேரட், பீன்ஸ், சுக்கினி, பட்டாணி ஆகியவற்றைத் தனியே ஆவியில் வேகவைத்து, உப்புச் சேர்த்துக் கூஸ்கூஸோடு கலந்து, மேலே தாராளமாக ஆலிவ் எண்ணெய் ஊற்றவும். எண்ணெயின் தரம் இதில் உடனே தெரிந்துவிடும் என்பதால், அதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். உடன் குளிர்ந்த மோர் பரிமாறலாம்.

அம்லூ

ரொட்டியோடு உண்ணும் பாதாம் விழுதான இதற்கு அடுப்பு வேலை மிகக் குறைவு. 250 கிராம் பாதாமை மணம் வரும்வரை வறுத்து ஆறவைத்து, எண்ணெய் பிரியும் அளவுக்கு அரைத்து, 100 மில்லி ஆர்கான் எண்ணெய், 3 மேசைக்கரண்டி தேன், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கரண்டியிலிருந்து வழியும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆர்கான் மரம் பெரும்பாலும் தென்மேற்கு மொரோக்கோவில் வளர்வது. அதன் பருப்பை வறுத்து ஆட்டிய எண்ணெய்தான் சமையலுக்கானது. தலைமுடிக்கும் சருமத்துக்கும் விற்கப்படும் ஆர்கான் எண்ணெயைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சமையல் ஆர்கான் கிடைக்காவிட்டால் அக்ரூட் எண்ணெய் ஓரளவு ஈடுசெய்யும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயைக் கலக்கிவிட்டு, சூடான பார்லி ரொட்டியோடு காலையில் உண்ணலாம்.