நடுத்தர வர்க்கத்தின் நாளை: எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளாதாரப் பக்கத்துக்கு எழுதப் புதிதாக வந்திருக்கும் இருவரின் கட்டுரைகளை இந்த வாரம் திருத்தினேன். இரண்டும் ஒரே வாக்கியத்தில் தொடங்கின: "நடுத்தர வர்க்கம் மெல்ல அழிந்து வருகிறது." என் முதல் கட்டுரையும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பணவீக்கத்தைக் கழிக்காமல் வருமானத்தை ஒப்பிடுவது, சராசரியையும் இடைநிலையையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் அச்சேறிவிடும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லைக்கோட்டைச் சொல்லாமல் எண்ணைச் சொல்வது

ஒரு நாட்டின் குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்ட நடுவில் வருவது இடைநிலை வருமானம். அதில் 75 முதல் 200 சதவீதம் வரை பெறுபவர்களை, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி நடுத்தர வருமானக்காரர் என்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கோடு மூன்றில் இரண்டு பங்கில் தொடங்கி இரு மடங்கில் முடிகிறது. உலகம் முழுவதையும் எண்ண முயன்ற பொருளாதார அறிஞர் ஹோமி காரஸ், வாங்கும் திறனுக்கேற்பச் சரிசெய்த கணக்கில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 100 டாலர் வரையான செலவை எல்லையாக வைத்தார். முதல் இரண்டும் அந்தந்த நாட்டின் நடுவிலிருந்து அளப்பவை. மூன்றாவது எல்லா நாட்டுக்கும் ஒரே கோல். அதனால்தான் உலகில் நடுத்தர வர்க்கம் பெருகுகிறது என்பதும், பல பணக்கார நாடுகளில் அது சுருங்குகிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறது.

அடுக்கை ஆட்கள் என்று எண்ணுவது

இன்றும் என்னைக் கொதிக்க வைக்கும் தவறு இது. பியூ மையத்தின் கணக்குப்படி, அமெரிக்காவில் வயது வந்தோரில் நடுத்தர வருமானக் குடும்பங்களில் இருந்தவர்கள் 1971இல் 61 சதவீதம், 2021இல் 50. அதே தொடரின் முந்தைய பதிப்பு ஒன்றை வைத்து, நடுத்தர மக்கள் வறுமைக்குள் சரிகிறார்கள் என்று எழுதினேன். அட்டவணையில் மூன்று பத்திகள் இருந்தன. நடுவில் இருந்ததை மட்டும் பார்த்தேன்.

மற்ற இரண்டையும் பாருங்கள். அதே ஐம்பது ஆண்டுகளில் கீழ் அடுக்கு 25இலிருந்து 29 ஆனது. மேல் அடுக்கு 14இலிருந்து 21 ஆனது. நடுவில் குறைந்த 11 புள்ளிகளில் 7 மேலே சேர்ந்திருக்கின்றன. நான் எழுதியதோ எல்லோரும் கீழே விழுந்ததாக.

சில மாதங்கள் கழித்து ஒரு கூட்டத்தில் ஒரு தந்தை அந்தக் கட்டுரையின் நறுக்கை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டினார். "படித்து வேலைக்குப் போனாலும் கீழேதான் போகப்போகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, ஐயா" என்றார். மகளின் மேற்படிப்பை நிறுத்தி, கிடைத்த வேலைக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை.

தவறு அதோடு முடியவில்லை. 1971இல் முப்பது வயதில் நடுவில் இருந்தவருக்கு 2021இல் எண்பது வயது. இரண்டு ஆண்டுகளின் அடுக்குகளிலும் இருப்பவர்கள் ஒரே ஆட்கள் அல்லர். யார் ஏறினார், யார் இறங்கினார் என்று அறிய ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு வேண்டும். பொருளாதார அறிஞர்கள் லாக்னரும் மிலனோவிச்சும், 1988 முதல் 2008 வரை உலகின் ஏழைகள் முதல் பணக்காரர்கள் வரை ஒவ்வொரு அடுக்கின் வருமானமும் எவ்வளவு வளர்ந்தது என்று வரைந்தார்கள்; யானை வடிவில் இருந்ததால் யானை வளைகோடு என்று பெயர் பெற்ற அதையும் பலர் இப்படித்தான் வாசித்தார்கள். தும்பிக்கை தாழும் இடத்தைச் சுட்டி, பணக்கார நாடுகளின் தொழிலாளர்கள் இருபது ஆண்டுகள் தேங்கியதாக எழுதினார்கள். பிரிட்டனின் ஆய்வு அமைப்பான ரெசல்யூஷன் ஃபவுண்டேஷன் 2016இல் அதைப் பிரித்துப் பார்த்தது. ஜப்பானின் தேக்கம், முன்னாள் சோவியத் நாடுகளின் வீழ்ச்சி, நாடுகளின் மக்கள்தொகை மாறிய விதம் ஆகியவற்றுக்கு அந்தத் தாழ்வில் பெரும் பங்கு இருந்தது.

இன்னொன்றும் உண்டு. நாளை எல்லோருடைய வருமானமும் பாதியாகிவிட்டால், இடைநிலையும் பாதியாகும், கோடும் கூடவே இறங்கும். நடுத்தர வர்க்கத்தின் சதவீதம் ஒரு புள்ளிகூட அசையாது. ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எதிர்காலம் சொல்பவர்களுக்கு இந்தப் பேரிழப்பே கண்ணில் படாது.

இதனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதே பியூ தரவில், மொத்த வருமானத்தில் நடுத்தரக் குடும்பங்களின் பங்கு 1970இல் 62 சதவீதம்; 2020இல் 42. தலைகள் குறைந்ததைவிட வேகமாகப் பங்கு குறைந்திருக்கிறது. நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

வருமானத்தோடு நின்றுவிடுவது

செலவுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். முந்தைய இருபது ஆண்டுகளில் வீட்டு விலை இடைநிலை வருமானத்தைவிட மூன்றில் ஒரு பங்கு வேகமாக ஏறியதாக ஓஇசிடியின் 2019 அறிக்கை சொன்னது. நடுத்தர வருமானக் குடும்பங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை வரவை மீறிச் செலவழிக்கின்றன என்றும் அது காட்டியது. இவர்கள் அட்டவணையில் நடுவிலேயே இருப்பார்கள், கடனோடு.

எந்திரம் வேலையைத் தின்றுவிடும் என்பது

நடுத்தர வருமானக்காரர்களின் வேலைகளில் ஆறில் ஒன்றுக்கு எந்திரமயமாகும் ஆபத்து அதிகம் என்பதுதான் அதே அறிக்கை சொன்னது. ஆறில் ஒருவர் வேலை இழப்பார் என்று அல்ல.

"விரைவில்"

ஆண்டைப் போடுங்கள், அல்லது அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.